எத்தனை பேர் இருந்தால் ஆட்டம் சுவைக்கும்?

2021 நவம்பரில் பேட்டில்ஃபீல்ட் 2042 என்ற ஆன்லைன் போர் வீடியோ ஆட்டம் வெளிவந்தபோது அதன் பெரிய விளம்பரமே ஓர் எண்தான்: ஒரே களத்தில் 128 பேர். அந்தத் தொடரின் முதல் ஆட்டமான பேட்டில்ஃபீல்ட் 1942, 2002-இலேயே 64 பேரை ஒரே களத்தில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தொடரின் உச்சம் அந்த 64 தான். அதை இரட்டிப்பாக்கினால் போரும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே பிரேக்த்ரூ என்ற ஆட்டமுறையில் 128 பேர் வடிவத்தை நிறுத்திவிட்டு 64-க்குத் திரும்பியது தயாரிப்பு நிறுவனமான டைஸ். கூட்டமும் குழப்பமும் கூடியதால் தனி ஆட்டக்காரரின் பங்கு மங்கிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6, வழக்கமான பெரிய முறைகளில் 64 பேரோடு நின்றுகொண்டது.

டைஸுக்கு இது புதிய பாடமும் இல்லை. 2011-இல் பேட்டில்ஃபீல்ட் 3 தயாரான காலத்திலேயே 256 பேர் வரை வைத்துச் சோதித்துப் பார்த்ததாகவும், தொழில்நுட்பம் இடம் கொடுத்தாலும் ஆட்டம் சுவைக்க வேண்டுமே என்றும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஆட்டம் கணினியில் 64 பேருக்கும், அன்றைய கன்சோல்களில் 24 பேருக்கும் வந்தது. 24 பேரோடு ஆடியவர்களில் பலருக்கு அது குறையாகவே படவில்லை.

இதை வைத்து ‘பெரியது கெட்டது, சின்னது நல்லது’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 64 பேர் களத்தில் மணிக்கணக்காக மகிழ்ந்து ஆடுகிறவர்களும், 10 பேர் ஆட்டத்திலிருந்து எரிச்சலோடு வெளியேறுகிறவர்களும் ஏராளம். ஆட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் போடும் எண் ஒன்று, ஆடுகிறவர் உணரும் எண் வேறொன்று. அடுத்த பத்துப் பதினைந்து நொடிக்குள் யார் என்னைச் சுடக்கூடும், யாருக்கு நான் கைகொடுக்க முடியும், நான் செய்யும் காரியம் யாருடைய திட்டத்தை மாற்றும்? இந்த வட்டத்துக்குள் வருகிறவர்கள்தான் அவருக்கு உண்மையான சக ஆட்டக்காரர்கள். மற்றவர்கள் தூரத்தில் கேட்கும் வெடிச்சத்தம். அந்த வட்டம் சரியாக அமைந்துவிட்டால் 10 பேரும் சுவைக்கும், 100 பேரும் சுவைக்கும்.

ஓர் உயிரின் எடை

முதல் உலகப் போர்க் காலத்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் சண்டைகளுக்கு ஒரு கணக்கு எழுதினார். எல்லாரும் எல்லாரையும் குறிவைத்துச் சுடக்கூடிய திறந்தவெளியில், ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடுகிறது என்பது அதன் சாரம். ஷூட்டர் எனப்படும் துப்பாக்கிச் சண்டை வீடியோ ஆட்டத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனாலும் போக்கைக் காட்ட அது போதும். 5க்கு 5 ஆட்டத்தில் ஒருவர் செத்தால் 25-க்கு எதிராக 16. வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. 32க்கு 32 ஆட்டத்தில் 1024-க்கு எதிராக 961. இழப்பு ஆறு சதவீதம். 64க்கு 64-இல் அது மூன்று சதவீதம். துப்பாக்கி அதே, குறி அதே, திறமையும் அதே. முதல் ஆட்டத்தில் அந்த ஒரு கொலை சுற்றின் போக்கையே திருப்புகிறது, கடைசி ஆட்டத்தில் அது நடந்ததே பலருக்குத் தெரியாது.

கவுன்டர்-ஸ்ட்ரைக் இருபத்தைந்து ஆண்டுகளாக 5க்கு 5 என்ற போட்டி வடிவத்தைக் கைவிடாததற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சுற்றில் செத்தவர் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டும். உயிருக்கு அவ்வளவு விலை வைத்த ஆட்டத்தில் எதிரே ஐந்து பேர்தான் என்பதால் ஒவ்வொரு காலடிச் சத்தமும் தகவலாகிறது. ‘இடது பக்கம் இரண்டு பேர், நடுவில் ஒருவர், அப்படியானால் மீதி இரண்டு பேர் அங்கேதான்’ என்று கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிறது. அதே மேப்பில், அதாவது ஆடுகளத்தில், 16க்கு 16 வைத்தால் இந்தக் கழித்தல் கணக்கு செத்துவிடும். எங்கும் எதிரி இருக்கலாம் என்ற நிலையில் யூகத்துக்கு வேலை இல்லை. சத்தம் வெறும் இரைச்சல்தான். பழைய 1.6 பதிப்பில் 32 பேர் சர்வர்களும் நிறைய இருந்தன, கலகலப்பாகவும் இருந்தன. ஆனால் அங்கே மக்கள் ஆடியது வேறொரு ஆட்டம். அதில் வெற்றி தோல்வியை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ரெயின்போ சிக்ஸ் சீஜ், வாலரன்ட் இரண்டும் அதே 5க்கு 5 வழியில் வந்தவை. இந்த அளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஐந்து பேர் ஒரே குரல் இணைப்பில் பேசினால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் எல்லாரையும் மியூட் செய்துவிடத்தான் கை போகும்.

சரி, ஒவ்வொருவரின் பங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால் எல்லாரும் சின்ன ஆட்டத்தையே விரும்ப வேண்டுமே? அங்கேதான் வலியும் இருக்கிறது. ஐவரில் ஒருவர் தடுமாறினால் மற்ற நான்கு பேருக்கும் அது உடனே தெரிந்துவிடும். மதிப்பெண் பலகையில் கடைசிப் பெயர் யாருடையது என்று பார்க்கத் தேடவே வேண்டாம். சின்ன டீம் ஆட்டங்களில் சக ஆட்டக்காரர்களைத் திட்டும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு மனிதர்களின் குணத்தை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. பழியைச் சுமக்க ஆள் குறைவாக இருக்கிறது, அதனால் கிடைத்தவர் தலையில் கனமாக விழுகிறது.

ஓவர்வாட்ச் இதற்கு நல்ல சாட்சி. 2016-இல் அது 6க்கு 6 ஆட்டம். 2019-இல் டீமுக்கு முன்னால் நின்று அடிதாங்கும் இரண்டு டாங்க், இரண்டு தாக்குநர், மற்றவர்களைக் காப்பாற்றும் இரண்டு சப்போர்ட் என்று இடங்களைப் பிரித்தார்கள். டாங்க் ஆட முன்வருகிறவர்கள் குறைவாக இருந்ததால், தாக்குநர் இடத்துக்குக் காத்திருந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது ஒரு டாங்க் இடத்தை நீக்கி 5க்கு 5 ஆக்கினார்கள். ஆட்டம் வேகம் பிடித்தது, ஒவ்வொருவரின் சுடுதிறனும் எடுபட்டது. ஆனால் மீதமிருந்த ஒற்றை டாங்கின் நிலைமை மோசமானது. முன்பு தோளுக்குத் தோளாக ஒருவர் இருந்தார். இப்போது அவர் எந்தக் கதாபாத்திரத்தை எடுத்தாலும் எதிரணி முழுவதும் அதை முறியடிக்கும் கதாபாத்திரத்துக்கு மாறிக்கொண்டது. தோற்றால் முதல் கேள்வியும் அவரிடம்தான். 2024 டிசம்பரில் 6க்கு 6 வடிவத்தைச் சோதனையாக மீண்டும் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று மாறியதற்கு இத்தனை விளைவு! 64-இல் ஒருவரைக் கூட்டிக் குறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கூட்டத்தில் கிடைக்கும் நிம்மதி

1913-இல் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஒரு ஆய்வு முடிவை வெளியிட்டார். கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஆளுக்கு இழுக்கும் விசை குறைகிறது என்று அதில் காட்டியிருந்தார். இதை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தால் பெரிய களத்தில் ஆட்டக்காரர்கள் சோம்பிவிடுகிறார்கள் என்று சொல்லத் தோன்றும். 64 பேர் களத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு தூரத்துத் தலைகளை மட்டும் குறிவைத்துக்கொண்டிருக்கும் ஸ்னைப்பர்களைப் பார்த்தால் அது உண்மையென்றும் படும். ஆனால் பலர் தேடி வருவதே அந்தத் தளர்வைத்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு, தான் சறுக்கினாலும் டீம் கவிழ்ந்துவிடாது என்பது பெரிய நிம்மதி. புதிதாக வருகிறவர் யார் கண்ணிலும் படாமல் மேப்பைக் கற்றுக்கொள்ளலாம். தானே சுடாமல் அடிபட்டவர்களை எழுப்பிவிடுகிறவர், வண்டியைப் பழுதுபார்க்கிறவர், தோட்டா கொடுக்கிறவர் என்று வித்தியாசமான வேலைகளுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஐவர் டீமில் இவர்களை வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

பெரிய களம் எங்கே கெட்டுப்போகிறது என்றால், எண்ணிக்கைக்கும் இடத்துக்கும் பொருத்தம் தவறும்போது. பேட்டில்ஃபீல்ட் 2042 ஆட்டத்தில் 128 பேருக்காக மேப்களைப் பெரிதாக நீட்டினார்கள். விளைவு, சிலர் வெட்டவெளியில் ஒரு நிமிடம் ஓடி, யாரையும் காணாமல், எங்கிருந்தோ வந்த ஒரே தோட்டாவில் செத்து மீண்டும் அதே ஓட்டத்தைத் தொடங்கினார்கள். சிலர் கைப்பற்ற வேண்டிய ஒரே கொடியைச் சுற்றி நாற்பது பேர் நெருக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே மேட்சில் இரண்டு வகை அலுப்பு. பிறகு அந்த மேப்கள் பலவற்றை மறைவிடங்களைக் கூட்டி, தூரத்தைக் குறைத்து மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

நெரிசலே சுவையாவதும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 3-இன் ஆபரேஷன் மெட்ரோ மேப்பில் 64 பேரை அடைத்தால், குறுகிய நிலத்தடிப் பாதைகளில் கிரனேட்டும் ராக்கெட்டுமாக இரு தரப்பும் முட்டி நிற்கும். லான்செஸ்டரின் வர்க்கக் கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் வாசலில் நிற்கும் நாலைந்து பேரால்தான் ஒரே நேரத்தில் சுட முடியும். வடிவமைப்பாகப் பார்த்தால் அது ஒரு குளறுபடி. ஆனால் அந்த ஒரு மேப்பை மட்டும் இரவும் பகலும் ஓட்டும் சர்வர்கள் இருந்தன, அவை நிரம்பியும் இருந்தன. கால் ஆஃப் டியூட்டியின் ஷிப்மென்ட் மேப்பும் அதே ரகம்: சில கப்பல் பெட்டிகள், திரும்பின பக்கமெல்லாம் எதிரி. செத்த நொடியில் மீண்டும் பிறக்கிறீர்கள் என்பதால் சாவுக்கு வலி இல்லை. சாவின் விலை குறையக்குறைய மனிதர்கள் எவ்வளவு நெரிசலையும் தாங்குகிறார்கள். இந்த உறவைப் புரிந்துகொள்ளாமல் எண்ணிக்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இதன் மறு எல்லையில் ‘ஹன்ட்: ஷோடவுன்’ என்ற ஆட்டம் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள மேப்பில் அதிகபட்சம் 12 பேர். செத்தால் அந்தக் கதாபாத்திரமே போய்விடும், சேர்த்துவைத்த ஆயுதமும் போய்விடும். பல நிமிடங்கள் யாரையும் பார்க்காமல் நடக்க நேரிடும். ஆனாலும் அலுப்பு தட்டாது. கண்ணாடி நொறுங்கும் சத்தமோ காகங்கள் கலைந்து பறக்கும் சத்தமோ அரை மேப் தூரத்தில் யாரோ இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 12 பேரை வைத்துக்கொண்டு மேப் முழுவதையும் பதற்றத்தால் நிரப்பியிருக்கிறார்கள். பேட்டில்ஃபீல்ட் 2042-இன் வெட்டவெளி ஓட்டத்தில் இல்லாமல் போனது இந்தத் தகவல்தான்.

கடைசியாக உயிரோடு நிற்பவரே வெல்லும் பேட்டில் ராயல் வகை ஆட்டங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 2017-இல் பப்ஜி 100 பேரை 8க்கு 8 கிலோமீட்டர் மேப்பில் இறக்கியது. கடலையும் சேர்த்துக் கணக்கிட்டால் சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆட்கள் சாகச்சாக, ஆடக்கூடிய இடத்தைக் குறிக்கும் வட்டமும் சுருங்குகிறது. அதனால் எண்ணிக்கை குறைந்தும் நெருக்கம் குறைவதில்லை. தொடக்கத்தில் ஆளில்லாத வீடுகளில் பொருள் தேடும் தனிமை, நடுவில் சின்னக் குழுக்களின் மோதல், கடைசியில் பத்துப் பேர் ஒரு வயல்வெளியில் தவழும் நெஞ்சுப் படபடப்பு. ஒரே மேட்சுக்குள் பல எண்ணிக்கைகளை ஆடிவிடுகிறோம். தோல்வியையும் அது மென்மையாக்கியது. 100 பேரில் 99 பேர் தோற்றாக வேண்டும் என்பதால் ஏழாவது இடத்தில் செத்தவர் சாதித்த உணர்வோடு எழுந்து போகலாம். இருவர் டூயலில் தோற்றவருக்கு அந்த ஆறுதல் இல்லை. அதே வகையைச் சேர்ந்த வார்ஸோன் 2020-இல் 150 பேரோடு வந்தது; அதற்கு முந்தைய ஆண்டு ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 60 பேரே போதும் என்று முடிவெடுத்தது. ஏபெக்ஸில் கதாபாத்திரங்கள் வேகமாக நகர்கின்றன, சண்டைகள் நீளமானவை. இரண்டு குழுக்கள் மோதிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது குழு பின்னால் வந்து மிச்சத்தை அள்ளிக்கொள்வது அங்கே 60 பேரிலேயே தீராத புகார்.

உண்மையிலேயே பெரிய எண்களைச் சமாளித்த ஆட்டங்கள் எல்லாமே கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாக உடைத்தவைதான். 2010-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த மேக் என்ற ஆட்டம் 256 பேரைத் தாங்கியது: எட்டுப் பேர் ஒரு ஸ்குவாட், நான்கு ஸ்குவாட் சேர்ந்து ஒரு பிளட்டூன், அவற்றுக்கு மேல் ஒரு தலைவர். ஆடுகிறவர் கையில் இருந்தது தன் ஸ்குவாடின் எட்டுப் பேரும் எதிரில் ஓர் இலக்கும் மட்டுமே. ஹெல் லெட் லூஸ் 50க்கு 50 ஆட்டம். ஸ்குவாடுக்குள் ஒரு குரல் இணைப்பு, ஸ்குவாட் தலைவர்கள் தங்களுக்குள் பேசத் தனி இணைப்பு, மேலே ஒரு கமாண்டர். தலைவர் நன்றாகப் பேசுகிறவராக அமைந்தால் அந்த 100 பேர் ஆட்டம் அற்புதம். தலைவர் மைக்கே இல்லாமல் வந்தால் அதே 100 பேர் திசை தெரியாத கூட்டம். ‘பிளானட்சைட் 2’ என்ற ஆட்டம் 2015-இல் 1,158 பேரை ஒரே சண்டையில் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்தது. அங்கேயும் நாள்தோறும் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தது அவுட்ஃபிட் என்ற நிரந்தரக் குழுக்கள்தான்.

டைட்டன்ஃபால் எதிர்த்திசையில் போனது. 2014-இல் அது 6க்கு 6 என்று அறிவித்தவுடன் இவ்வளவு குறைவா என்று பலர் கோபப்பட்டார்கள். சுவரில் ஓடி, கூரை தாண்டி, எந்தத் திசையிலிருந்தும் வரக்கூடிய பைலட்கள். ஆளுக்கொரு ராட்சத இயந்திரம் வேறு. அதற்கு மேல் மனிதர்களைச் சேர்த்தால் முதுகில் சுடப்பட்டுச் சாவதே வேலையாகிவிடும். அதனால் களத்தை நிரப்பக் கணினி இயக்கும் சிப்பாய்களை விட்டார்கள். ஆபத்தைக் கூட்டாமல் போர்க்களக் கலகலப்பைக் கொடுத்தார்கள், திறமை குறைந்தவருக்கும் சுட ஏதாவது கிடைத்தது. இந்த யோசனையை மற்றவர்கள் இன்னும் எடுத்து வளர்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நெட்வொர்க் பக்கத்தையும் தொட்டுவிட்டுப் போகலாம். ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் மற்ற எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றால் 10 பேருக்கு 90 தகவல், 64 பேருக்கு 4,032, 128 பேருக்கு 16,256. ஆட்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்கு. தொலைவில் இருப்பவரைப் பற்றிக் குறைவாகச் சொல்வது போன்ற உத்திகள் உண்டு, ஆனாலும் 10 பேர் ஆட்டமான வாலரன்ட் நொடிக்கு 128 முறை நிலவரத்தைப் புதுப்பிக்கும் அந்தத் துல்லியத்தைப் பெரிய களத்தில் எதிர்பார்ப்பது கடினம். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்தோமே என்று எரிச்சல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்

இதுவரை பேசியது மேட்சுக்குள் இருக்கும் எண். ஒரு ஆட்டத்தை அந்த நேரத்தில் மொத்தம் எத்தனை பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு எண். கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. 2,000 பேர் ஆன்லைனில் இருக்கிறார்கள். நல்ல கூட்டமாகத் தெரிகிறது. நான்கு பிராந்தியங்களாகப் பிரித்தால் 500. ஐந்து ஆட்டமுறைகளாகப் பிரித்தால் 100. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மேட்சில் இருப்பார்கள். ஒரு முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று வைப்போம். திறமைப்படி மூன்றாகப் பிரித்தால் 10. இந்தப் பத்துப் பேரை வைத்து ஒரே ஒரு 5க்கு 5 நடத்தலாம். 64 பேர் ஆட்டம் என்றால் பேச்சுக்கே இடமில்லை. இந்த நிலையில், ஆட்டக்காரர்களைத் தானாக இணைத்துவிடும் மேட்ச்மேக்கிங் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்: காத்திருக்கும் நேரம், பிங் எனப்படும் இணைப்புத் தாமதம், திறமைச் சமநிலை. எதை விட்டாலும் யாரோ ஒருவர் ஆட்டத்தை மூடிவிட்டுப் போகிறார். பெரும்பாலும் முதலில் போவது புதியவர். பல ஆண்டு ஆடியவர்களோடு மோதவிட்டால் அவர் ஏன் தங்குவார்? அவர் போனதும் மீதமுள்ளவர்களின் காத்திருப்பு இன்னும் நீள்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்த கான்கார்ட் என்ற 5க்கு 5 ஷூட்டர், ஸ்டீமில் ஒரே நேரத்தில் 700 பேரைக்கூட எட்டாமல், செப்டம்பர் 6 அன்றே நிறுத்தப்பட்டது. அந்த ஆட்டத்தில் குறைகள் பல இருக்கலாம். ஆனால் அவ்வளவு காலியான ஆட்டத்தில் எது நல்லது, எது கெட்டது என்று யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் போவதில்லை.

நிறுவனங்கள் இதற்குச் செய்யும் வைத்தியங்கள் தெரிந்தவைதான். 2018 டிசம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் இலவசமானது. கன்சோலும் கணினியும் ஒன்றாக ஆடும் கிராஸ்பிளே இப்போது ஏறக்குறைய கட்டாயம். 2019-இல் ஃபோர்ட்நைட், கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களான பாட்களைக் கலந்தது. பப்ஜி மொபைலில் தொடக்கம் முதலே உண்டு. பாட்கள் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, மறைத்துக் கலப்பதுதான் உறுத்துகிறது. நூறு பேரை வென்றதாக நினைத்து மகிழ்கிறவருக்கு, அவர்களில் பாதிப்பேர் பாட்கள் என்பது தெரியவரும்போது பழைய வெற்றிகள்கூடக் கசந்துபோகின்றன. டைட்டன்ஃபால் தன் சிப்பாய்களை வெளிப்படையாகக் காட்டியது, அதனால் யாரும் ஏமாந்ததாக உணரவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது பழைய வழி: ஆட்டக்காரர்களே நடத்தும் சர்வர்கள். மேட்ச்மேக்கிங் மக்களைத் தூவிவிடுகிறது. சர்வர் பட்டியல் இருக்கும் எல்லாரையும் ஓரிடத்தில் குவிக்கிறது. ஆட்டம் வெளிவந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், பிராந்தியத்தில் நாற்பது பேர்தான் மிச்சம் என்றாலும், மாலையில் அந்த நாற்பது பேரும் ஒரே சர்வரில் இருந்தால் ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் காலி சர்வரில் யாரும் முதல் ஆளாக நுழைய விரும்புவதில்லை. ‘ஸ்குவாட்’ என்ற பெயருள்ள 50க்கு 50 ஆட்டத்தில் இதற்கென்றே ‘சீட்’ என்ற சிறிய மேப் வடிவங்கள் இருக்கின்றன. சர்வரைச் சேர்ந்த சிலர் முன்கூட்டியே வந்து, ஒன்றிரண்டு கொடிகளை வைத்துச் சும்மா சுட்டுக்கொண்டிருப்பார்கள். போதுமான ஆட்கள் சேர்ந்ததும் முழு மேப்புக்கு மாறிக்கொள்வார்கள். வந்திருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப களத்தை மாற்றும் இந்த எளிய ஏற்பாட்டைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் மேட்ச்மேக்கிங்கிலேயே கட்டியிருக்கலாம்.

2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 இன்றும் வழக்கமாக 12க்கு 12 ஆட்டம். போட்டி ஆடுகிறவர்கள் அதை 6க்கு 6 ஆகவும், ஒன்பது கதாபாத்திரங்களுக்கு ஆளுக்கொன்றாக 9க்கு 9 ஆகவும் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். 2023-இல் வால்வ் நிறுவனம் 100 பேர் வரை சேர்க்கும் வசதியைத் திறந்துவிட்டபோது, அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கென்றே சர்வர்கள் முளைத்தன. வழக்கமான முறையில் யாரும் கைவைக்கவில்லை. ஒரே ஆட்டம் நான்கு அளவுகளில் ஓடுகிறது; எந்த அளவு வேண்டும் என்பதை அந்தந்த மாலையில் சர்வரைத் திறக்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.